ஆதாம் அன்றே ஏன் சாகவில்லை?

தமிழ்நாட்டின் எந்த நெடுஞ்சாலையில் போனாலும் பாறையிலோ மதில் சுவரிலோ ஒரு பைபிள் வாசகம் கண்ணில் படும். பாவம் செய்தால் அதற்குக் கிடைக்கும் கூலி சாவு என்பது அதன் கருத்து. ரோம் நகரத்துக் கிறிஸ்தவர்களுக்குப் பவுல் எழுதிய கடிதத்தில் வருவது. சேலத்திலிருந்து வாழப்பாடி வழியாக ஆத்தூர் போகும் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து இப்படி ஒன்றைப் படிக்கிறவருக்கு அது மிரட்டலாகத்தான் படும். தப்பு செய்தால் சாமி கொன்றுவிடும் என்று புரிந்துகொள்வார். உடனே அவருக்கு இரண்டு சந்தேகம் வரும். தப்பே செய்யாத பச்சைக் குழந்தையும் சாகிறதே? ஊரை ஏய்த்தவர்கள் தொண்ணூறு வயது வரை நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

இரண்டும் நியாயமான சந்தேகங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம், சேலம் மாவட்டத்தில் அதைவிடக் குறைவு. ஆகவே இங்கே பெரும்பாலோர் இந்தக் கொள்கையைச் சுவரில் படித்துத்தான் அறிந்திருக்கிறார்கள். கோயிலுக்கும் சபைக்கும் தவறாமல் போகிறவர்களிடமும் இதே குழப்பம் உண்டு. ஒரு வீட்டில் இளவயதுச் சாவு நேர்ந்தால், அந்த வீட்டார் செய்த பாவம் என்ன என்று கணக்குப் பார்க்கிற விசுவாசிகளும் இருக்கிறார்கள். கிறிஸ்தவம் பாவம் என்று எதைச் சொல்கிறது, சாவு என்று எதைச் சொல்கிறது என்பதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் தெளியும்.

பைபிளின் முதல் புத்தகத்திலிருந்தே தொடங்கலாம். விலக்கப்பட்ட மரத்தின் கனியை உண்ணும் நாளிலேயே சாவாய் என்று கடவுள் ஆதாமை எச்சரிக்கிறார். ஆதாமும் ஏவாளும் உண்கிறார்கள். சாகவில்லை. பிள்ளைகள் பெறுகிறார்கள், நிலத்தைக் கொத்திப் பயிர் செய்கிறார்கள். ஆதாம் 930 வயது வரை வாழ்ந்ததாக அதே புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. எச்சரிக்கை பொய்த்துவிட்டதா? இந்த முரண்பாடு யூத, கிறிஸ்தவ உரையாசிரியர்களின் கண்ணுக்குத் தப்பவில்லை. கடவுளுக்கு ஆயிரம் ஆண்டு ஒரு நாள் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். சாகிற உடம்பை ஆதாம் அன்றுதான் பெற்றான் என்றார்கள் வேறு சிலர். கிறிஸ்தவ மரபில் ஆழமாக வேரூன்றிய விளக்கம் மூன்றாவது: ஆதாம் அன்றைக்கே செத்தான், ஆனால் அவன் உடம்பு சாகவில்லை.

கனி உண்ட பிறகு நடந்ததைக் கதையில் வரிசையாகப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். முதலில் இருவரும் ஒருவருக்கொருவர் கூசி உடம்பை மறைக்கிறார்கள். அடுத்து, தோட்டத்தில் உலவும் கடவுளின் காலடி ஓசை கேட்டதும் மரங்களுக்குள் ஒளிகிறார்கள். விசாரித்தால் ஆதாம் ஏவாளைக் கைகாட்டுகிறான். அந்தப் பெண்ணைத் தந்தவர் நீர்தானே என்று கடவுள் பக்கமும் ஒரு விரலை நீட்டுகிறான். ஏவாள் பாம்பைக் கைகாட்டுகிறாள். கடைசியில் மண்ணும் அவனோடு பகையாகிறது; முள்ளும் களையும் முளைக்கின்றன. கடவுளோடு, துணையோடு, தன்னோடு, மண்ணோடு என்று நான்கு பக்கமும் உறவு அறுந்துவிட்டது. மூச்சு ஓடுகிறது, அந்த மூச்சைத் தந்தவரிடமிருந்து அவன் ஒளிந்து நிற்கிறான். ஆன்மிக மரணம் என்று கிறிஸ்தவர்கள் சொல்வது இந்த நிலையைத்தான்.

வாழப்பாடி வட்டாரத்துப் பாக்குத் தோப்புக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கிணறு வற்றிப் பாசனம் நின்ற மறுநாளே பாக்கு மரம் காய்ந்து விழுவதில்லை. பச்சையாகத்தான் நிற்கும். வழியில் போகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. மரத்தின் கதை எப்போது முடிந்தது என்று தோப்புக்காரரைக் கேட்டால், கொண்டை சாய்ந்த நாளைச் சொல்ல மாட்டார். தண்ணீர் நின்ற நாளைச் சொல்வார்.

உயிரோடு நடமாடுகிற ஒருவனைச் செத்தவன் என்று சொல்லும் வழக்கத்தை இயேசுவின் கதையிலேயே பார்க்கலாம். லூக்கா எழுதிய நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் வரும் இளைய மகனின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். அப்பா உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசம் போகிறான். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பன்றி மேய்க்கிறான், கடைசியில் வீடு திரும்புகிறான். விருந்து வைக்கும் அப்பா, இந்த மகன் செத்துப்போயிருந்தான், இப்போது பிழைத்து வந்திருக்கிறான் என்கிறார். தூரதேசத்தில் அவன் உண்டு உறங்கி நண்பர்களோடு கூத்தடித்துக்கொண்டிருந்த நாட்களைத்தான் அப்பா சாவு என்கிறார். செய்த செலவுக்காக அவர் அப்படிச் சொல்லவில்லை, வீட்டை விட்டு அறுத்துக்கொண்டு போனதற்காகச் சொல்கிறார்.

அந்தக் கதையில் மூத்த மகன் ஒருவனும் இருக்கிறான். ஊதாரித்தனம் செய்யாதவன், அப்பா பேச்சைத் தட்டாதவன். தம்பி திரும்பி வந்தது பொறுக்காமல் அவன் வாசலிலேயே நின்றுவிடுகிறான். அப்பா வெளியே வந்து கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஒழுக்கத்தில் ஒரு குறையும் இல்லாமலே ஒருவன் வீட்டுக்கு வெளியே நிற்க முடியும் என்பது கதையின் இரண்டாவது பாதி. பாவம் என்றால் குடி, களவு, விபச்சாரம் என்று ஒரு பட்டியல் மட்டுமே என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பாதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பட்டியல் வேண்டாம் என்று கிறிஸ்தவம் சொல்லவில்லை. பத்துக் கட்டளைகள் பட்டியல்தான். ஆனால் பட்டியலில் உள்ள செயல்கள் விளைவுகள். அவற்றுக்குக் கீழே ஒரு நிலை இருக்கிறது என்கிறது. ஆதாம் கனி உண்ட கதையில் பாவம் என்ற சொல்லே வருவதில்லை. அடுத்த அதிகாரத்தில், தம்பி ஆபேல் மீது பொறாமையில் பொங்கும் காயீனிடம் கடவுள் பேசும் இடத்தில்தான் அது முதன்முதலாக வருகிறது. கொலை இன்னும் நடக்கவில்லை. பாவமோ ஏற்கெனவே வாசலில் பதுங்கிக் காத்திருக்கிறது. அதை அடக்கி ஆள வேண்டியவன் நீ என்று எச்சரிக்கை வருகிறது. செயலுக்கு முன்பே பாவம் இருக்கிறது, அதற்குப் பணியாமல் இருக்கும் பொறுப்பும் மனிதனுக்கு இருக்கிறது என்ற இரண்டையும் அந்தச் சிறு உரையாடல் ஒருசேரச் சொல்கிறது.

நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் பிறந்த அகுஸ்தீன் (354–430) தன் வாழ்க்கையிலிருந்தே இதற்கு உதாரணம் எடுத்தார். பதினாறு வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு பேரிமரத்தை உலுக்கிப் பழம் திருடியதைத் தம் ‘ஒப்புதல்கள்’ நூலில் எழுதியிருக்கிறார். பசி இல்லை. அதைவிட நல்ல பழம் அவரிடம் இருந்தது. திருடியதைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். தேவையே இல்லாதபோது திருடியது ஏன் என்று அவர் குடைந்து குடைந்து கேட்கிறார். திருடும் சுகத்துக்காகவே திருடினேன், தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார். தெரியாமையாலும் வறுமையாலும் மட்டுமே மனிதன் தவறு செய்கிறான் என்றால் படிப்பும் பணமும் பாவத்தை ஒழித்திருக்க வேண்டும். ஒழிக்கவில்லை என்பதுதான் அகுஸ்தீனின் கேள்வியை இன்றும் உயிரோடு வைத்திருக்கிறது.

நம் வட்டாரத்திலேயே பார்க்கலாம். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஜவ்வரிசியைப் பளிச்சென்று வெளுப்பாக்க ரசாயனம் சேர்ப்பதாக வந்த புகார்களின் பேரில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சேகோ ஆலைகளில் பலமுறை சோதனையும் நடத்தியிருக்கிறார்கள். இதில் பாவி யார்? வெள்ளையாக இல்லாவிட்டால் விலை போகாது என்பார் ஆலைக்காரர். வெளியூர் வியாபாரி கேட்கிறார் என்பார் தரகர். வாங்குகிறவர்கள் வெள்ளையைத்தான் எடுக்கிறார்கள் என்பார் வியாபாரி. வாங்குகிறவருக்கோ கடையில் இருப்பதைத்தான் வாங்க முடியும். ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டலாம். ஒவ்வொருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மையும் இருக்கும். ரசாயனத்தை ஊற்றியது ஒரு கை. ஊற்ற வைத்த சூழலோ அந்த ஆலையின் முதல் அடுப்பு எரிவதற்கு முன்பே இருந்தது. அந்தச் சூழலுக்குள் பிறந்து, அதையே இயல்பு என்று பழகி, பிறகு தன் பங்குக்கு அதை வளர்க்கிறான் மனிதன். ஜென்மப் பாவம் என்ற கொள்கை தொட முயல்வது இந்த அனுபவத்தை.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் அந்தக் கொள்கைதான். ஆதாம் செய்த குற்றத்துக்குக் கொள்ளுப்பேரனைத் தண்டிப்பது என்ன நீதி என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்குத் திருச்சபைகள் எல்லாம் ஒரே பதிலைத் தரவில்லை. மனிதன் தன் மன உறுதியால் மட்டுமே பாவமில்லாமல் வாழ முடியும் என்று பெலாகியுஸ் என்ற துறவி போதித்ததை அகுஸ்தீன் எதிர்த்தார். 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாகியுஸின் போதனையைத் தள்ளியது. ஆதாமின் பாவம் வழிவழியாகத் தொடர்கிறது என்பதை மேற்குத் திருச்சபை அழுத்திச் சொன்னது. கிழக்கு மரபுவழித் திருச்சபைகளோ, ஆதாமிடமிருந்து நமக்கு வருவது சாகும் இயல்பும் பலவீனமுமே தவிர அவருடைய குற்றம் அல்ல என்கின்றன. 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் இதை நிதானமாகப் பிரிக்கிறது. ஜென்மப் பாவம் என்பது ஒருவர் செய்த செயல் இல்லை, அவர் பிறந்து விழுகிற நிலை. அதைப் பாவம் என்று அழைப்பதே ஒப்புமையாகத்தான் என்கிறது. திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளும் மீட்புப் பெறுவார்கள் என்று நம்ப நல்ல காரணங்கள் உண்டு என 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு எழுதியது. தந்தையின் குற்றத்தை மகன் சுமக்க மாட்டான் என்று பைபிளின் பழைய ஏற்பாட்டிலேயே எசேக்கியேல் தீர்க்கதரிசி ஓர் அதிகாரம் முழுக்க வாதாடியிருக்கிறார்.

நம் ஊரில் இந்தக் கொள்கை காதில் விழும்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. பாவம், பலன் என்றதும் நம் மனம் தானாகவே வினைக்கணக்குக்குப் போய்விடும். இந்த இரண்டு சிந்தனைகளும் சேலம் நாமக்கல் சமவெளியில் நேருக்கு நேர் சந்தித்து நானூறு ஆண்டுகள் ஆகின்றன. 1577இல் இத்தாலியில் பிறந்து, 1606இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தித் தமிழும் வடமொழியும் கற்றுத் தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற ராபர்ட் தெ நோபிலி 1623இல் மதுரையை விட்டு வடக்கே கிளம்பினார். திருச்சி வழியாகச் சேந்தமங்கலத்துக்கும் அங்கிருந்து சேலத்துக்கும் வந்தார். சேலத்தை ஆண்ட நாயக்கரின் அண்ணன் திருமங்கல நாயக்கர் அவரிடம் திருமுழுக்குப் பெற்றார்.

நோபிலி தமிழில் எழுதிய நூல்களில் ‘ஞானோபதேசம்’ பெரியது. மறுபிறவிக் கொள்கையை மறுப்பதற்கென்றே ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ என்ற நூலையும் எழுதினார். பிறப்பில் காணும் ஏற்றத்தாழ்வுகளையும் துன்பங்களையும் முற்பிறவியில் செய்த வினையின் பலனாக விளக்க முடியாது என்பது அவருடைய வாதம். மறுபக்கத்தின் வாதத்தையும் சொல்லியாக வேண்டும். வினைக்கொள்கை, உலகில் நடப்பது எதுவும் கண்மூடித்தனம் இல்லை என்ற உறுதியைத் தருகிறது. தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்ற ஒழுக்கத்தையும் தருகிறது. நல்லவன் துன்பப்படுவதைப் பார்த்து நிலைகுலையாமல் இருக்க அது பல தலைமுறைகளுக்குத் துணையாக இருந்திருக்கிறது.

உண்மையில், கிறிஸ்தவத்தின் ஜென்மப் பாவத்துக்கு நம் மரபில் இணை தேடினால் கன்மத்தைவிட ஆணவ மலமே பக்கத்தில் வருகிறது. சைவ சித்தாந்தம் உயிரைப் பிணிப்பவை ஆணவம், கன்மம், மாயை என்று மூன்று சொல்கிறது. இவற்றில் கன்மம் செயலால் சேர்வது. ஆணவமோ எந்தச் செயலுக்கும் முன்பே உயிரின் அறிவை மறைத்து நிற்பது. மனிதனின் அடிப்படைச் சிக்கல் அவன் செய்த செயல்களைவிட ஆழத்தில் இருக்கிறது, அதைச் சொந்த முயற்சியால் நீக்க முடியாது, இறைவனின் அருள் வேண்டும் என்ற மூன்றிலும் சித்தாந்தியும் கிறிஸ்தவரும் கைகுலுக்கலாம். பிரியும் இடங்களும் தெளிவானவை. சித்தாந்தத்தில் ஆணவம் அநாதி. உயிர் இருந்த நாள் முதல் அதுவும் இருக்கிறது. கிறிஸ்தவத்தில் படைப்பு முதலில் நல்லதாகவே இருந்தது, பிளவு பிறகு வந்தது. சித்தாந்தத்தில் உயிர் பல பிறவிகளில் பக்குவப்படுகிறது. கிறிஸ்தவத்துக்கு இருப்பது ஒரு பிறவிதான். ஆகவே கிறிஸ்தவப் பாவக்கொள்கையை வினைக்கணக்கின் வெளிநாட்டுப் பதிப்பு என்று எடுத்துக்கொள்கிறவர் இரண்டையுமே தவறாகப் புரிந்துகொள்கிறார்.

வினைக்கணக்குப் போலப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று இயேசுவின் சீடர்களே காட்டியிருக்கிறார்கள். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, இவர் இப்படிப் பிறக்கப் பாவம் செய்தது யார், இவரா, இவருடைய பெற்றோரா என்று கேட்கிறார்கள். இருவருமே இல்லை என்கிறார் இயேசு. எருசலேமில் சீலோவாம் என்ற இடத்துக் கோபுரம் சரிந்து 18 பேர் செத்தபோது, செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அதுவும் இல்லை என்கிறார். அத்தோடு விடவில்லை. மனம் திரும்பாவிட்டால் நீங்களும் அழிவீர்கள் என்று, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பக்கமே கேள்வியைத் திருப்பிவிடுகிறார். பழைய ஏற்பாட்டில் வரும் யோபுவின் கதையிலும் இப்படித்தான். நோயும் இழப்பும் வந்ததற்கு நீ செய்த பாவமே காரணம் என்று வாதாடிய நண்பர்களைத்தான் கதையின் முடிவில் கடவுள் கண்டிக்கிறார், யோபுவை அல்ல.

2004ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். வேளாங்கண்ணி மாதாவைத் தரிசிக்க வந்திருந்த யாத்திரிகர்களும் அதில் அடக்கம். பாவம் செய்தவனைக் கடவுள் கொல்கிறார் என்று சுவர் வாசகத்துக்குப் பொருள் சொல்கிறவர் அந்தக் கடற்கரையில் நின்று அதைச் சொல்லிப் பார்க்கட்டும். உடம்பின் சாவைக் காட்டி ஒருவரின் பாவத்தை அளக்கும் வழி பைபிளில் அடைக்கப்பட்டிருக்கிறது.

எல்லாப் பாவமும் ஒன்றா, ஒரு பொய் சொன்னாலும் ஆன்மா செத்துவிடுமா என்ற கேள்விக்கும் திருச்சபைக்குத் திருச்சபை பதில் மாறுகிறது. கத்தோலிக்க மரபு சாவான பாவம், அற்பப் பாவம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. சாவான பாவம் ஆக மூன்று நிபந்தனைகள் வேண்டும்: செய்த காரியம் கனமானதாக இருக்க வேண்டும், அது கனமானது என்று முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் மனமார விரும்பிச் செய்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கணக்கு மாறும். பயத்தாலோ நிர்ப்பந்தத்தாலோ பழக்கத்தின் பிடியாலோ செய்ததற்குப் பொறுப்பு குறையும். இந்த மூன்றில் கடைசி இரண்டும் ஒருவரின் உள்ளத்துக்குள் நடப்பவை, வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாதவை. அதனால்தான் பாவசங்கீர்த்தனத்தில் ஒருவர் தன் பாவத்தை மட்டும் சொல்கிறார். அடுத்தவர் பாவத்தைச் சொல்ல அங்கே இடமில்லை.

பதினாறாம் நூற்றாண்டில் பிரிந்த சீர்திருத்தத் திருச்சபைகள் இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. சிறிதோ பெரிதோ, எல்லாப் பாவமும் ஒரே வேரிலிருந்து வருகிறது. மனிதன் தனக்குள்ளேயே வளைந்து சுருண்டுவிட்டான் என்பது அந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரின் பார்வை. 1827இல் லண்டன் மிஷன் சங்கத்தார் சேலத்தில் பணி தொடங்கியபோது கொண்டுவந்தது இந்தச் சீர்திருத்த மரபைத்தான். இன்று சிறு நகரங்களில் பரவியிருக்கும் பெந்தெகொஸ்தே சபைகள் இதையே மறுபிறப்பு அனுபவமாக, இரட்சிக்கப்பட்ட நாளின் சாட்சியாகச் சொல்கின்றன. செத்தவன் தானாக எழ முடியாது, எழுப்பப்பட வேண்டும் என்பதில் இந்த மரபுகள் எல்லாம் ஒத்துப்போகின்றன.

இங்கே ஒரு தவறு எளிதில் நுழையும். இரட்சிக்கப்படாதவர் செத்தவர் என்றால், பக்கத்து வீட்டு இந்துவோ முஸ்லிமோ செய்கிற நன்மைக்கு மதிப்பே இல்லையா? பவுல் அப்படிச் சொல்லவில்லை. யூதர்களின் திருச்சட்டத்தைக் கேட்டிராத பிற இனத்தாரும் இயல்பாகவே அதன்படி நடப்பதுண்டு என்று ரோமருக்கு எழுதிய அதே கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். மனித இயல்பு முழுவதும் பாவத்தால் கெட்டது என்று கடுமையாகப் பேசிய சீர்திருத்தவாதி கால்வினும், கிறிஸ்தவர் அல்லாத அறிஞர்களிடம் காணும் உண்மையைக் கடவுளின் கொடையாகவே மதிக்கச் சொன்னார். கிறிஸ்துவை அறியாமலே நேர்மையான மனதோடு கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்பு அடைய முடியும் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. எபேசு நகரத்தாருக்கு எழுதிய கடிதத்தில் பாவத்தில் செத்தவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது பவுல், நீங்கள் என்று ஆரம்பித்து இரண்டே வாக்கியத்தில் நாம் எல்லோரும் என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். வேறொரு கடிதத்தில், பாவிகளில் முதலாவது ஆள் தான்தான் என்ற கருத்து வருகிறது. பைபிளில் இந்தக் கடுஞ்சொல்லைச் சொல்கிறவர் அதைத் தன் மேலும் போட்டுக்கொண்டே சொல்கிறார்.

தன் மேல் போட்டுக்கொள்ளத் தவறினால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழகத் திருச்சபையின் வரலாறே சாட்சி. பிறப்பின் தாழ்வு முன்வினைப் பயன் அல்ல என்று எழுதிய நோபிலி சாதி வழக்கங்களைச் சமூக ஏற்பாடு என்று அப்படியே ஏற்றுக்கொண்டார். உயர்த்தப்பட்ட சாதியாருக்குத் தனிக் குருக்கள், மற்றவர்களுக்கு 1640 முதல் பண்டாரசாமிகள் எனப்பட்ட வேறு குருக்கள் என்ற ஏற்பாடும் வந்தது. கோயிலுக்குள் தனி இடம், கல்லறையில் தனி இடம் என்று அது வளர்ந்தது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவர் பல ஆண்டுகள் போராட்டத்துக்குக் காரணமாயிற்று. செத்த பிறகும் பிரித்து வைக்கிறவர்கள் பாவசங்கீர்த்தனத்தில் வேறு என்னென்னவோ சொல்லியிருப்பார்கள்; இதைச் சொல்லத் தோன்றியிருக்காது.

2003 நவம்பரில், சேலம் மறைமாவட்டமும் அடங்கிய பாண்டிச்சேரி–கடலூர் மறைமாநிலத்தின் ஆயர்களும், சென்னை–மயிலாப்பூர், மதுரை மறைமாநிலங்களின் ஆயர்களும் ரோமுக்குப் போயிருந்தபோது, போப் இரண்டாம் ஜான் பால் அவர்களிடம் நேரடியாகவே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சாதிப் பாகுபாட்டைக் கொடிய சமூகப் பாவம் என்று பெயர் சொல்லி அழைத்தது. திருச்சபைக்குள்ளும் அது இருப்பதை ஒப்புக்கொண்டது. பாவம் என்பது உறவு அறுபடுவது என்றால் சாதியைவிடத் தெளிவான பாவம் நம் ஊரில் வேறில்லை. இதை உணர நானூறு ஆண்டு ஆனது என்பதே, பாவம் கண்ணை மறைக்கும் நிலை என்ற கொள்கைக்கு வலுவான சான்று.

இனி நிவாரணத்துக்கு வருவோம். சுவர்களில் பெரும்பாலும் பாதியோடு நிறுத்தப்படும் அந்தப் பவுலின் வாக்கியத்துக்கு இன்னொரு பாதி உண்டு. கூலிக்கு எதிராக அவர் வைப்பது இலவசக் கொடை; சாவுக்கு எதிராக வைப்பது கிறிஸ்துவின் வழியாகக் கடவுள் தரும் நிலைவாழ்வு. கூலி உழைத்துப் பெறுவது, கொடை அப்படியல்ல. பாவத்தின் அளவுக்குப் புண்ணியம் சேர்த்து ஈடுகட்டும் வழி இங்கே இல்லை. கடவுளே மனிதனாகி அந்தச் சாவுக்குள் இறங்கி, அறுந்ததை மறுபடியும் இணைத்தார் என்பதே சிலுவையைப் பற்றிய கிறிஸ்தவ நம்பிக்கையின் சாரம். மனிதன் செய்ய வேண்டியது திரும்புவது. திரும்பியதன் அடையாளம் அறுத்த உறவுகளைச் சரிசெய்வது. ஏய்த்து வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று வரி வசூலிக்கும் சகேயு இயேசுவிடம் சொன்னது அதனால்தான். நரகம், இரண்டாம் மரணம் என்று பைபிள் பேசுவதும் இந்தத் தர்க்கத்தின் தொடர்ச்சியே. அந்த விலகலைக் கடைசி வரை விடாமல் பிடித்துக்கொண்டால் அது நிரந்தரமாகிவிடும் என்பது அதன் பொருள்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் முதலில் எழுந்த இரண்டு சந்தேகங்களுக்கும் பதில் கிடைக்கிறது. பச்சைக் குழந்தையின் சாவு அதன் பாவத்துக்கான தண்டனை அல்ல. ஊரை ஏய்த்துத் தொண்ணூறு வயது வாழ்பவர் தப்பித்துவிட்டார் என்பதும் இல்லை. கிறிஸ்தவப் பார்வையில் அவர் சாவைத் தள்ளிப்போடவில்லை, அதற்குள்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறார். ஆனால் இந்த இரண்டாவது பதிலை அவரைப் பார்த்துச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. கத்தோலிக்கத் திருப்பலியின் தொடக்கத்தில் குருவானவர் முதல் கடைசி வரிசையில் நிற்பவர் வரை மார்பில் தட்டிக்கொண்டு தம் பாவத்தை ஒப்புக்கொள்கிறார்கள். யாரும் பக்கத்தில் நிற்பவரின் மார்பில் தட்டுவதில்லை. பாவம், ஆன்மிக மரணம் ஆகிய கொள்கைகளைப் போதிக்கிறவர்களும் சுவரில் எழுதுகிறவர்களும் கடைப்பிடிக்க வேண்டிய இலக்கணம் இதுதான்: அதில் எழுவாய் எப்போதும் ‘நான்’.